சின்ன மணிக்கட்டுக்குப் பொருந்தும் ஸ்மார்ட்வாட்ச்

என் மணிக்கட்டின் சுற்றளவு 14 சென்டிமீட்டர். முதல் ஸ்மார்ட்வாட்ச் வாங்கியபோது இந்த எண் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றவும் இல்லை. 1.96 அங்குலத் திரை என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். பெரிய திரை, கைக்கு எட்டிய விலை, பிடித்த நிறம். ஆன்லைனில் பணம் கட்டி வாங்கிவிட்டேன்.

கட்டிப் பார்த்தால் கையின் இரண்டு பக்கமும் வாட்ச் நீட்டிக்கொண்டு நின்றது. ஸ்ட்ராப்பைக் கடைசித் துளையில் மாட்டியும் ஒரு விரல் தாராளமாக உள்ளே போனது. நடக்க நடக்க அது சுண்டுவிரல் பக்கமாகச் சரியும். நான் திரும்பத் திரும்ப மேலே இழுத்து விடுவேன். ஒரு நாள் காலை நடையில் நாடித்துடிப்பு 160 என்று காட்டியது. பயந்துபோய் நின்று, கழுத்தில் விரல் வைத்து எண்ணினேன். 100கூட இல்லை. தூங்கும்போது கட்டிக்கொண்டால் புரளும் போதெல்லாம் அதன் விளிம்பு குத்தி எழுப்பிவிடும். இரண்டே மாதத்தில் வாட்ச் பீரோவுக்குள் போனது.

அந்த வாட்சில் பழுது ஏதும் இல்லை. என் அண்ணன் கேட்டார், கொடுத்தேன். அவர் கையில் ஒழுங்காக உட்கார்ந்து ஒழுங்காக எண்ணியது. அவர் மணிக்கட்டு 18 செ.மீ. செருப்பு வாங்கும்போது எத்தனை நம்பர் என்று கேட்கிறோம், வளையல் வாங்கும்போது அளவு சொல்கிறோம், மோதிரத்துக்கு விரலை அளக்கிறோம். பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கும் வாட்சை மட்டும் படத்தைப் பார்த்து வாங்குகிறோம். மெலிந்த கை உள்ளவர்கள் அதற்கு ஒவ்வொரு நாளும் விலை கொடுக்கிறார்கள். இந்த அத்தியாயம் அவர்களுக்காக: பெண்கள், பதின்ம வயதுப் பிள்ளைகள், ஒல்லியான ஆண்கள், வயதாகிக் கை மெலிந்துபோன பெற்றோர்.

முதலில் கையை அளக்க வேண்டும்

தையல் டேப் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பூக்கட்டும் நூல் போதும். மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கமாக ஓர் எலும்பு மேடு துருத்திக்கொண்டிருக்கும். அளவெடுக்க வேண்டிய இடம் அது அல்ல. வாட்ச் உட்கார வேண்டிய இடமும் அது அல்ல. அந்த மேட்டிலிருந்து முழங்கைப் பக்கமாக ஒரு விரல் அகலம் தள்ளி நூலைச் சுற்றுங்கள். தோலில் படிய வேண்டும், அழுத்தக் கூடாது. நூல் ஒன்றுசேரும் இடத்தில் பேனாவால் புள்ளி வைத்து, நீட்டி, ஸ்கேலில் வைத்துப் பாருங்கள். காலையில் ஒருமுறை, வெளியில் அலைந்துவிட்டு வந்த மாலையில் ஒருமுறை அளப்பது நல்லது. நம் ஊர் வெயிலில் கை சில மில்லிமீட்டர் உப்பும். ஸ்ட்ராப் இந்த இரண்டு அளவுக்கும் இடம் கொடுக்க வேண்டும்.

வளையல் அளவு தெரியும், அது போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. 'ரெண்டு நாலு' என்றால் இரண்டு அங்குலமும் பதினாறில் நான்கு பங்கும், அதாவது இரண்டேகால் அங்குலம். மில்லிமீட்டரில் சுமார் 57. அது வளையலின் உள்விட்டம். கட்டை விரலை மடக்கி, புறங்கையின் எலும்புகளைத் தாண்டி வளையல் ஏற வேண்டும் என்பதால் அந்த அளவு கையின் அகலமான இடத்தைச் சொல்கிறது. ரெண்டு நாலு வளையலின் உட்சுற்றளவு கிட்டத்தட்ட 18 செ.மீ. அதைப் போடும் என் மணிக்கட்டோ 14. நான்கு செ.மீ. வித்தியாசம்.

சுற்றளவு ஸ்ட்ராப்புக்கான எண். வாட்சின் உடலுக்கு வேறோர் எண் வேண்டும்: மணிக்கட்டின் மேற்பக்க அகலம். உள்ளங்கை கீழே இருக்கும்படி கையை மேசைமேல் வைத்து, ஸ்கேலைக் குறுக்கே பிடியுங்கள். ஓரத்திலிருந்து ஓரம்வரை ஓர் எண் வரும். அந்த அகலம் முழுவதும் தட்டையாக இருக்காது. இரண்டு பக்கமும் சரிந்து இறங்கும். சரிவு தொடங்குவதற்கு முன் உள்ள தட்டைப் பகுதிதான் வாட்ச் உட்காரும் திண்ணை. எனக்கு மொத்த அகலம் 49 மி.மீ., தட்டைப் பகுதி 42 மி.மீ. ஒரே சுற்றளவு உள்ள இருவரில் ஒருவருக்கு மணிக்கட்டு தட்டையாகவும் இன்னொருவருக்கு உருண்டையாகவும் இருக்கலாம். தட்டையானவர் கொஞ்சம் பெரிய வாட்சைத் தாங்குவார். உருண்டையானவருக்கு அதே வாட்ச் பக்கவாட்டில் ஆடும்.

ஸ்கேல் கையில் இல்லாத இடத்திலும் ஒரு வழி உண்டு. ஏடிஎம் கார்டின் குறுகிய பக்கம் 54 மி.மீ.; எந்த வங்கியின் கார்டானாலும் அளவு இதுதான். அந்தப் பக்கத்தை மணிக்கட்டின் குறுக்கே வைத்துப் பாருங்கள். கார்டு இருபுறமும் வெளியே தெரிந்தால் உங்களுடையது சின்ன மணிக்கட்டு. கார்டு கைக்குள் அடங்கிவிட்டால் இந்த அத்தியாயத்தைத் தாண்டிப் போகலாம், 45 மி.மீ. வாட்சும் உங்கள் கையில் நிற்கும்.

பெட்டியில் உள்ள எண் எதைச் சொல்கிறது?

இந்த இடத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். ஒரே '40' ஒவ்வொரு நிறுவனத்திலும் ஒவ்வொன்றைக் குறிக்கும்.

ஆப்பிள் சொல்வது உடலின் உயரத்தை. 40 மி.மீ. எஸ்இ வாட்சின் அகலம் 34 மி.மீ. தான். வட்ட வாட்சுகளில் அந்த எண் விட்டம். சாம்சங் கேலக்ஸி வாட்ச் 7-இன் சிறிய அளவு 40.4 மி.மீ.; குறுக்கிலும் நெடுக்கிலும் அதேதான். இரண்டும் '40' என்றாலும் வட்டம் கை நெடுக 6 மி.மீ. கூடுதலாக இடம் பிடிக்கும். கையின் குறுக்கே எடுக்கும் இடமோ இரண்டுக்கும் ஒன்றுதான். மணிக்கட்டில் துருத்துவது இந்தக் குறுக்களவு என்பதால் சின்னக் கைக்கு வட்டமா சதுரமா என்ற விவாதத்தில் நான் அதிக நேரம் செலவழிக்க மாட்டேன். வட்டத்துக்கு ஒரு சாதகம் மட்டும் உண்டு. மூலைகள் இல்லாததால் புறங்கையை மடக்கும்போது குத்துவது குறைவு.

விலை குறைந்த வாட்சுகளில் பெரும்பாலும் உடலின் அளவைப் பெரிதாகச் சொல்வதில்லை. திரையின் மூலைவிட்டத்தை அங்குலத்தில் சொல்வார்கள், தொலைக்காட்சிக்குச் சொல்வதுபோல. என் பழைய வாட்சின் 1.96 அங்குலத்தை எடுத்துக்கொள்வோம். மில்லிமீட்டரில் அது ஏறக்குறைய 50. இந்த வகைத் திரைகளில் 410-க்கு 502 என்ற புள்ளிக் கணக்கு மிகச் சாதாரணம். அந்த விகிதத்தில் கணக்குப் போட்டால் திரையின் உயரம் 38.6, அகலம் 31.5 மி.மீ. இது ஒளிரும் பகுதி மட்டும். கறுப்புக் கரை, உலோகச் சட்டம், ஸ்ட்ராப் நுழையும் இடம் என்று மேலும் கீழும் சேர்த்தால் 46 அல்லது 47-ஐத் தொட்டுவிடும். 42 மி.மீ. திண்ணையில் 47 மி.மீ. பலகையை வைத்தால் என்ன ஆகும்? எனக்கு ஆனதுதான் ஆகும்.

ஆப்பிளின் வரிசையைக் கவனித்தால் இன்னொன்று புரியும். 2015-இல் முதல் வாட்ச் 38, 42 என்று இரண்டு அளவில் வந்தது. 2018-இல் அது 40, 44 ஆனது. 2021-இல் 41, 45. 2024-இல் வந்த சீரிஸ் 10-இல் 42, 46. முதல் வாட்சில் பெரியதாக இருந்த 42, ஒன்பது ஆண்டுகளில் சிறியதாகிவிட்டது. கைகள் அதே கைகள்தான். திரை பெரிதானால் படிக்க வசதி, விற்கவும் வசதி. சின்ன மணிக்கட்டுக்காரர்களுக்கோ ஒவ்வொரு முறையும் அளவு ஒரு படி ஏறி நிற்கிறது. 'சிறிய அளவு' என்ற சொல்லை நம்பி வாங்காதீர்கள். மில்லிமீட்டரை மட்டும் நம்புங்கள்.

அந்த மில்லிமீட்டரிலும் ஒரு பொறி உண்டு. சாதாரணக் கைக்கடிகாரத்தில் ஸ்ட்ராப்பைப் பிடிக்கும் நான்கு கொம்புகள் உடலுக்கு வெளியே நீண்டிருக்கும். ஒரு கொம்பின் நுனியிலிருந்து எதிர்க்கொம்பின் நுனிவரை உள்ள நீளம்தான் கையில் உண்மையாக உட்காரும் நீளம். அது டயலைவிடப் பல மில்லிமீட்டர் கூடும். ஸ்மார்ட்வாட்சில் சிலவற்றுக்குக் கொம்பே இல்லை; ஆனால் ஸ்ட்ராப்பின் முதல் ஒரு சென்டிமீட்டர் விறைப்பான ரப்பராக, உடலோடு ஒட்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வளையவே வளையாது. அந்த இரண்டு இறக்கைகளையும் சேர்த்தால் 40 மி.மீ. வாட்ச் 60 மி.மீ. ஆகிவிடும். கடையில் வாட்சை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். ஸ்ட்ராப் உடலின் ஓரத்திலேயே மடிந்து நேராகத் தொங்கினால் நல்லது. வெளியே போய்ப் பிறகு வளைந்தால் அதைச் சின்னக் கை தாங்காது. ஸ்ட்ராப்புக்கும் கைக்கும் நடுவே முக்கோண இடைவெளி தெரியும். அதில் காற்றும் வெளிச்சமும் புகும். வெளிச்சம் புகுந்தால் என்ன கெடும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

தடிமன்

நீள அகலத்தைப் பார்ப்பவர்கள்கூடத் தடிமனை விட்டுவிடுகிறார்கள். சின்ன மணிக்கட்டில் முதலில் கண்ணில் படுவது அதுதான். ஓசூரில் டைட்டன் 2002-இல் எட்ஜ் என்ற கைக்கடிகாரத்தைக் கொண்டுவந்தது. மொத்தத் தடிமன் 3.5 மி.மீ. ஸ்மார்ட்வாட்சுக்கு அது இன்னும் எட்டாத கனவு. பேட்டரி, திரை, அடியில் தோலை நோக்கும் சென்சார் என்று மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டியிருக்கிறது. இன்று மெல்லியது என்று சொல்லத்தக்கவை 9 முதல் 10 மி.மீ. வரை உள்ளவை. கேலக்ஸி வாட்ச் 6-இன் சிறியது 9 மி.மீ., ஆப்பிள் சீரிஸ் 10 9.7 மி.மீ. கூகுள் பிக்சல் வாட்ச் 12.3 மி.மீ.; ஆனால் கூழாங்கல்போல விளிம்பு வளைந்திருப்பதால் அவ்வளவு தடிமனாகத் தெரியாது. ஆப்பிள் அல்ட்ரா 14.4 மி.மீ. தடிமன், 49 மி.மீ. உயரம். 14 செ.மீ. கையில் அது சட்டைக் கைக்குள் நுழையாது. எடையும் 60 கிராமுக்கு மேல்.

என் கணக்கு எளியது. மணிக்கட்டு 15 செ.மீ.க்குக் கீழே என்றால் தடிமன் 11-ஐத் தாண்டக் கூடாது; பிக்சல்போல விளிம்பு வளைந்தவை மட்டும் விலக்கு. ஓட்டப் பயிற்சிக்காகவே வாங்குகிறவர்கள் 13 வரை பொறுத்துக்கொள்ளலாம். அதுவும் எடை 40 கிராமுக்குள் இருந்தால்தான். சில நிறுவனங்கள் அடியில் உள்ள சென்சார் மேட்டைச் சேர்க்காமல் தடிமனைச் சொல்கின்றன. விவரப் பட்டியலில் சிறிய எழுத்தில் அப்படி ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

சின்ன வாட்ச் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். எங்கள் வீட்டில் அப்பாவின் எச்எம்டி ஜனதா இன்னும் ஓடுகிறது. டயல் ஏறக்குறைய 35 மி.மீ. அந்தத் தலைமுறை ஆண்கள் கல்யாணத்துக்கும் வேலைக்கும் கட்டிக்கொண்டு போனது அந்த அளவைத்தான். யாரும் அதைச் சின்ன வாட்ச் என்று சொல்லவில்லை. கைக்கடிகாரம் என்பதே தொடக்கத்தில் பெண்களின் அணிகலன். படேக் பிலிப் நிறுவனம் 1868-இல் ஒரு ஹங்கேரியக் கோமகளுக்குச் செய்து கொடுத்தது பழைய கைக்கடிகாரங்களுள் பெயர்பெற்றது. ஆண்கள் சட்டைப்பைக் கடிகாரத்தை விட்டு மணிக்கட்டுக்குப் பரவலாக மாறியது முதல் உலகப் போர்க் காலத்தில். சின்னக் கைக்கு ஏற்ற வாட்ச் கேட்பது புதுவிதமான கோரிக்கை இல்லை. கடைக்காரரிடம் தயங்காமல் கேளுங்கள்.

ஸ்ட்ராப்பில்தான் பாதி விஷயம்

அளவு சரியான வாட்சையும் தவறான ஸ்ட்ராப் கெடுத்துவிடும். அளவு கொஞ்சம் தவறிய வாட்சை நல்ல ஸ்ட்ராப் ஓரளவு காப்பாற்றும். என் அனுபவத்தில் சின்ன மணிக்கட்டுக்காரர்கள் வாட்சுக்குச் செலவழிக்கும் நேரத்தில் பாதியையாவது ஸ்ட்ராப்புக்குச் செலவழிக்க வேண்டும்.

முதலில் நீளம். பல நிறுவனங்கள் பெட்டிக்குள் இரண்டு நீளத்தில் ஸ்ட்ராப் வைக்கின்றன. சிலவற்றில் நீங்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். பிக்சல் வாட்சின் சிறிய ஸ்ட்ராப் 13 முதல் 17.5 செ.மீ. கைக்கு, பெரியது 16.5 முதல் 21 செ.மீ. கைக்கு. கார்மின் லில்லி 11 செ.மீ. கைவரை சுருங்கும். இந்த எல்லையில் உங்கள் எண் நடுவில் விழ வேண்டும். 13-இல் தொடங்கும் ஸ்ட்ராப்பை 13 செ.மீ. கையில் கட்டினால் கடைசித் துளையில் நிற்கும். வால் நீண்டு கையைச் சுற்றி மறுபக்கம் வந்து துருத்தும். மழைக்காலத்தில் கை கொஞ்சம் சுருங்கினால் அதற்கப்புறம் துளையே இல்லை.

துளை வைத்த சிலிகான் ஸ்ட்ராப்பில் இன்னொரு சங்கடம், இரண்டு துளைக்கு நடுவே உள்ள தூரம். பெரிய கையில் அது பெரிதாகத் தெரியாது. சின்னக் கையில் ஒரு துளையில் இறுக்கிப் பிடிக்கும், அடுத்த துளையில் கழன்றுவிடும் போலிருக்கும். இதற்கு நான் கண்ட சிறந்த மாற்று, ஒட்டும் பட்டை வைத்த நைலான் ஸ்ட்ராப். எந்த இடத்திலும் நிறுத்தலாம், நடைக்கு இறுக்கலாம், வீட்டில் தளர்த்தலாம், எடை தெரியாது, துணி துவைக்கும்போது சேர்த்து அலசிக் காயவைக்கலாம். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் வியர்வைக்குச் சிலிகானைவிட இது மேல். சிலிகானுக்கு அடியில் ஈரம் தங்கி வேர்க்குருவும் அரிப்பும் வருவதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். நைலானும் ஈரத்தோடு கட்டினால் வாடை அடிக்கும். அதனால் இரண்டு வாங்கி மாற்றி மாற்றிக் கட்டுங்கள். விலை ஒன்றும் பெரிதில்லை.

கொக்கியே இல்லாமல் வளையல்போல் இழுத்து மாட்டும் ஸ்ட்ராப்பும் உண்டு. ஆப்பிள் 2020-இல் கொண்டுவந்தது. பல எண்களில் வரும். அச்சடித்துக் கத்தரித்துக் கையைச் சுற்றி அளக்க ஒரு காகித அளவுகோலையும் அவர்களே தருகிறார்கள். அந்தக் காகிதத்தை அச்சடிக்கும்போது 'முழு அளவில்' என்று தேர்ந்தெடுக்காவிட்டால் எண் தவறிவிடும். நாளடைவில் இழுபட்டுத் தளரும் என்பதால் இரண்டு எண்ணுக்கு நடுவில் நின்றால் சிறியதை எடுங்கள்.

சங்கிலி ஸ்ட்ராப் விரும்புகிறவர்கள் வாட்ச் கடைக்குப் போக வேண்டியிருக்கும். என் அக்கா மகளுக்கு ஒரு 40 மி.மீ. வாட்சும் ஸ்டீல் செயினும் வாங்கிக் கொடுத்து, பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பெட்டிக்கடைக்கு அழைத்துப்போனேன். கண்ணில் லென்ஸ் மாட்டிய பெரியவர் செயினை வாங்கி அவள் கையில் வைத்து, அடிப்பக்கம் தொங்கிய மிச்சத்தை இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்தார். "அஞ்சு லிங்க் எடுக்கணும்மா." நான் கொக்கிக்கு ஒரே பக்கமாக எடுத்துவிடுவார் என்று நினைத்தேன். கட்டை விரல் பக்கம் இரண்டு, சுண்டுவிரல் பக்கம் மூன்று என்று பிரித்து எடுத்தார். ஏன் என்று கேட்டதற்குச் செயினைக் கட்டிவிட்டு அவள் உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினார். கொக்கி மணிக்கட்டின் நடுவில், நரம்புகளுக்குக் குறுக்கே நேராக நின்றது. "ஒரே பக்கம் எடுத்தா கொக்கி ஓரத்துக்கு ஏறிடும். அது ஏறினா டயலும் மறுபக்கம் சாயும்" என்றார். எடுத்த ஐந்து லிங்க்கையும் பின்களோடு ஒரு சின்ன ஜிப் கவரில் போட்டுக் கொடுத்து, "பத்திரமா வை பாப்பா, கை சதை போட்டா வேணும்" என்றார். அவள் "சித்தி, இதை ஒரு வருஷமா தேடுறேன்" என்று கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். பெரிய ஷோரூமில் கிடைக்காத இந்தக் கைப்பக்குவம் நம் ஊர்ப் பெட்டிக்கடைகளில் இன்னும் இருக்கிறது. பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

தோல் ஸ்ட்ராப்பில் அவர்களிடமே கூடுதல் துளை போட்டுக்கொள்ளலாம். சிலிகானில் போடாதீர்கள், அந்த இடத்தில் கிழியத் தொடங்கும். ஸ்ட்ராப்பின் அகலத்தையும் கவனிக்க வேண்டும். 22 மி.மீ. பட்டை மெல்லிய கையை முழுதாக மூடிக் கட்டுப்போட்டதுபோல் காட்டும். 18 அழகு, 20 பரவாயில்லை, கார்மின் லில்லியின் முதல் மாடல் 14 மி.மீ.

சரியாகக் கட்டினால்தான் சரியாக எண்ணும்

பொருத்தம் என்பதை அழகுக்காக மட்டும் சொல்லவில்லை. வாட்சின் அடியில் மினுக்கும் பச்சை விளக்கைப் பார்த்திருப்பீர்கள். இரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும். இதயம் துடிக்கும்போது மணிக்கட்டில் இரத்தம் கூடும், அப்போது திரும்பி வரும் ஒளி குறையும். அடுத்த நொடியில் கூடும். இந்த ஏற்ற இறக்கத்தை எண்ணித்தான் நாடித்துடிப்பு சொல்லப்படுகிறது. வாட்ச் தோலைவிட்டு எழும்பினால் வெளி வெளிச்சம் உள்ளே புகுந்து இந்தக் கணக்கைக் குழப்பும். ஆடினால் இன்னும் மோசம். கை வீசும் தாளத்தையே இதயத் துடிப்பு என்று வாட்ச் எடுத்துக்கொள்ளும். என் வாட்ச் காலை நடையில் காட்டிய 160 அப்படி வந்ததுதான் என்பது பிறகுதான் புரிந்தது. தோலின் நிறமியும் பச்சை ஒளியை உறிஞ்சும் என்பதால் கருமையான தோல் உள்ள நமக்கு வாட்ச் படிந்து உட்கார்வது இன்னும் முக்கியம்.

எலும்பு மேட்டுக்கு மேல் ஒரு விரல் தள்ளிக் கட்டச் சொன்னதன் காரணம் இதுதான். மெலிந்த கையில் மேட்டின்மேல் கட்டினால் சென்சாரின் ஒரு பக்கம் எலும்பில் ஏறி மறுபக்கம் அந்தரத்தில் நிற்கும். உடற்பயிற்சியின்போது இன்னும் ஒரு விரல் மேலே ஏற்றி, வாட்சை அசைத்தால் தோலும் சேர்ந்து அசையும் அளவுக்கு இறுக்குங்கள். முடிந்ததும் தளர்த்துங்கள். கழற்றினால் சிவந்த தடம் அரை மணி நேரம் நிற்கிறது என்றால் இறுக்கம் அதிகம்.

வளையலும் வாட்சும் ஒரே கையில் வேண்டாம். கண்ணாடியில் கீறல் விழும், திரையும் தானாக விழித்துக்கொள்ளும். ஒரே கையில்தான் போடுவேன் என்பவர்கள் வளையலை முழங்கைப் பக்கமும் வாட்சை விரல் பக்கமும் வைக்காமல், மாற்றி வையுங்கள்; வாட்ச் மேலே போய் நிலையாக நிற்கும், வளையல் கீழே சுதந்திரமாக ஆடும்.

சின்னக் கைக்கே உரிய இன்னொரு தொல்லை, பக்கவாட்டுப் பொத்தான். ஸ்கூட்டர் கைப்பிடியைப் பிடிக்கும்போதும், தரையில் கை ஊன்றி எழும்போதும் புறங்கை மடிந்து பொத்தானை அழுத்திவிடும். நீண்ட நேரம் அழுந்தினால் அவசர அழைப்பு போகும் வாட்சுகளும் உண்டு. ஆப்பிள் உட்படப் பலவற்றில் வாட்சைத் தலைகீழாகத் திருப்பிக் கட்டிக்கொண்டு, அமைப்பில் பொத்தான் இடப்பக்கம் என்று மாற்றிவிடலாம். திரை நேராகிவிடும். பொத்தான் முழங்கைப் பக்கம் போய்விடுவதால் அதற்கப்புறம் அழுந்தாது.

பார்வைக்கு எப்படி இருக்கிறது?

கையை நீட்டி போனில் படம் எடுத்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கேமரா அருகில் உள்ளதைப் பெரிதாக்கும். எந்த வாட்சும் அதில் தாம்பாளமாகத் தெரியும். குனிந்து பார்ப்பதும் ஏறக்குறைய அதே கோணம்தான். ஆளுயரக் கண்ணாடி முன் இரண்டு மீட்டர் தள்ளி நின்று, கையைத் தொங்கவிட்டுப் பாருங்கள். மற்றவர்கள் உங்களைப் பார்ப்பது அப்படித்தான். பக்கவாட்டில் வாட்சின் முனை கையைத் தாண்டித் தெரிகிறதா என்பது ஒன்றுதான் கேள்வி.

திரையின் பின்னணியைக் கறுப்பாக வைத்தால் ஒளிரும் பகுதியின் எல்லை உடலோடு கரைந்து வாட்ச் சிறியதாகத் தெரியும். வெள்ளைப் பின்னணி எல்லையை எடுத்துக்காட்டும். உடலும் ஸ்ட்ராப்பும் ஒரே நிறச் சாயலில் இருந்தால் கண் ஒரே பட்டையாகப் பார்க்கும். வெள்ளி உடலுக்குக் கறுப்பு ஸ்ட்ராப் போட்டால் நடுவில் உள்ள சதுரம் துண்டாகத் தெரியும். இவை சின்னச் சின்ன உதவிகள். 47 மி.மீ. வாட்சை 42 ஆக்கும் மந்திரம் எதிலும் இல்லை.

எதை வாங்குவது?

மாடல்கள் ஆண்டுதோறும் மாறும். அளவுகளை வைத்துச் சொல்கிறேன். 13.5 செ.மீ.க்குக் கீழே உள்ளவர்களுக்கு 36 மி.மீ.க்குள் உள்ள வாட்சோ, மெல்லிய பட்டை வகையோதான் சரி. கார்மின் லில்லி 34.5 மி.மீ.; 2024-இல் வந்த இரண்டாவது மாடல் 35.4. பார்க்க நகைபோல் இருக்கும். அதில் சொந்த ஜிபிஎஸ் கிடையாது, நடையின் தூரத்துக்குப் போனைக் கையோடு எடுத்துப் போக வேண்டும். முள் உள்ள கடிகாரத்தின் தோற்றமே வேண்டும் என்பவர்களுக்கு விதிங்ஸ் ஸ்கேன்வாட்சின் 38 மி.மீ. மாடல் உண்டு, 14 செ.மீ. கையில் அளவாக இருக்கும். 14 முதல் 15.5 வரை உள்ளவர்கள் ஆப்பிள் எஸ்இ 40, கேலக்ஸியின் 40, பிக்சலின் 41 ஆகியவற்றைக் கட்டிப் பார்க்கலாம். இந்த வரிசையில் எஸ்இ 40-க்குத்தான் என் ஓட்டு. அகலம் 34 மி.மீ. தான், கை நெடுக இடம் குறைவாகப் பிடிக்கும் என்பதும், கீழே விழுந்தால் கண்டறிந்து உதவி கேட்கும் வசதி உண்டு என்பதும் காரணம். அம்மா அப்பாவுக்கு வாங்குகிறவர்கள் அதோடு ஒட்டும் நைலான் ஸ்ட்ராப்பையும் சேர்த்து வாங்குங்கள். நடுங்கும் விரல்களுக்குத் துளையும் கொக்கியும் கடினம்.

சின்ன வாட்சில் பேட்டரி சீக்கிரம் தீரும் என்பார்கள். பெரும்பாலும் உண்மை. கேலக்ஸி வாட்ச் 6-இல் பெரியது 425 எம்ஏஎச், சிறியது 300. கார்மின் வேனு 3 பதினான்கு நாள் என்றால் அதன் சிறிய தம்பி 3எஸ் பத்து நாள். ஆனாலும் எல்லா இடத்திலும் அப்படி இல்லை. 2023-இல் வந்த கார்மின் போர்ரன்னர் 265-க்கு நிறுவனம் சொல்வது 13 நாள். சிறிய 265எஸ்-க்கு 15 நாள். அதில் திரை சிறியது, அதனால் செலவும் குறைவு. பேட்டரிக்காகப் பெரியதை வாங்கிப் பீரோவில் வைப்பதைவிட, குளிக்கப் போகும் நேரத்தில் தினமும் சார்ஜ் போட்டுக்கொள்வது நல்லது.

ஆன்லைனில் வாங்குவதானால் பணம் கட்டும் முன் ஒரு வரியைத் தேடிப் படியுங்கள்: பிடிக்காவிட்டால் திருப்பி எடுப்பார்களா, பழுதிருந்தால் மாற்றிக் கொடுப்பது மட்டும்தானா. இரண்டாவது என்றால் அளவு சேரவில்லை என்ற காரணம் செல்லாது. கடையில் வாங்குவதானால் கட்டிக்கொண்டு ஐந்து நிமிடம் நில்லுங்கள். கையை வீசுங்கள், முஷ்டி மடக்குங்கள், புறங்கையை மடக்குங்கள், சட்டைக் கைக்குள் நுழைத்துப் பாருங்கள். விற்பனையாளர் அவசரப்படுத்தினால் இன்னொரு கடைக்குப் போங்கள்.

ஏடிஎம் கார்டு எப்படியும் உங்களிடம் இருக்கும். பணம் கட்ட அதை நீட்டும் முன், குறுகிய பக்கத்தை ஒருமுறை மணிக்கட்டின் குறுக்கே வைத்துப் பாருங்கள். பிறகு கார்டின் அதே குறுகிய பக்கத்தோடு வாட்சை, ஸ்ட்ராப்பின் இறக்கைகளோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். வாட்ச் அந்தப் பக்கத்தைவிட நீளமாக இருந்தால் கார்டைத் திரும்பப் பைக்குள் வைத்துவிடுங்கள்.